கையெழுத்துக்கு மட்டும் அம்மாக்கள் வேண்டுமா?

பள்ளி மேலாண்மைக் குழுப் பயிற்சியின் புகைப்படத்தை நேற்று எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பின்னால் பேனர், முன்னால் பீடி சுற்றும் எங்கள் ஊர்ப் பெண்கள், கையில் ஆளுக்கொரு வடை. மதியத்துக்குள் பயிற்சி முடிந்துவிட்டது. அதன் கீழே ஒரு பெரிய மனிதர் திருவாய் மலர்ந்திருக்கிறார்: "பீடி சுற்றுகிறவர்களுக்கு நிர்வாகம் எதற்கு?"

எதற்கென்றால், சட்டம் சொல்வதால் ஐயா. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும், வந்த நிதி எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும் அவர்கள் வேலை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-இலும் 2024-இலும் குழுக்களை மாற்றியமைத்து, பெற்றோரையே தலைவராக்கினார்கள். நல்லது. அந்த வேலையை எப்படிச் செய்வதென்று ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தது யார்?

என் மதினி ஒரு குழுவில் இருக்கிறார். தீர்மானப் புத்தகத்தை நீட்டி, "இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா" என்பார்களாம். மேலே பாதிப் பக்கம் காலியாக இருக்கும். இதே மதினி பீடிக் கடையில் இலை எடை ஒரு துளி குறைந்தாலும் தராசை விட்டு நகரமாட்டார். புகையிலைத் தூள் எவ்வளவு, சரியில்லை என்று கழித்த பீடி எத்தனை, கணக்கெழுதும் பாஸ் புத்தகத்தில் என்ன பதிந்தார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் படியிறங்குவார். அவருக்குப் பள்ளிக் கணக்குப் புரியாதாம்! புத்தகத்தைத் திறந்து காட்டினால்தானே புரிவதற்கு?

தலைமையாசிரியர்களுக்கு ஏற்கெனவே வேலைப் பளு என்பீர்கள். உண்மைதான், எமிஸ் என்கிற கல்வித்துறை இணையதளத்தில் பள்ளி விவரங்களைப் பதிவேற்றுவதே பாதி நாளை விழுங்குகிறது. பயிற்சி கொடுத்தால் பிள்ளைகள் நன்றாகப் படித்துவிடுவார்களா என்பீர்கள். மறுநாளே படிக்கமாட்டார்கள். ஆனால் இப்போது குழுக் கூட்டம் என்றால் சுற்றுச்சுவரும் பெயின்டும்தான் பேச்சு. அங்கே, மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஏன் இன்னும் எழுத்துக் கூட்டுகிறது என்று ஓர் அம்மா கேட்டால் ஆசிரியரும் பதில் தேடுவார். அப்படிக் கேட்கலாம் என்று சொல்லிக்கொடுப்பதுதான் பயிற்சி. கூப்பிட்டாலும் வரமாட்டார்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். சுற்றினால்தான் கூலி, அன்றைய கூலியை விட்டுவிட்டுத்தான் அவர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பாளையங்கோட்டையைப் பெருமை பேசுகிறோம். பெரிய மனிதரின் பேரப்பிள்ளைகளும் வேன் ஏறி அங்கேதான் போகிறார்கள். போகட்டும், பொறாமை இல்லை. எங்கள் பிள்ளைகள் உட்காரும் பள்ளியின் வாசலை ஒருமுறை மிதித்துவிட்டு வாருங்கள் ஐயா. யாருக்கு நிர்வாகம் தெரியும் என்று அப்புறம் பேசுவோம்.