சியோல் மேயரை மக்கள் வாக்களித்து நீக்கினார்களா?

தென்கொரியத் தலைநகர் சியோலின் மேயர் ஓ செ-ஹூனை 2011-இல் மக்கள் வாக்களித்துப் பதவியிலிருந்து இறக்கினார்கள் என்று பகிரப்படும் செய்தி தவறு. அந்த ஆண்டு ஆகஸ்ட் 24 அன்று நடந்தது, பள்ளிகளில் இலவச மதிய உணவு எல்லா மாணவர்களுக்குமா, வருமானத்தில் பின்தங்கிய பாதிப் பேருக்கு மட்டுமா என்பதற்கான வாக்கெடுப்பு. அவரது பதவி வாக்குச்சீட்டிலேயே இல்லை. எதிர்க்கட்சியினர் புறக்கணிக்கச் சொன்ன அந்த வாக்கெடுப்பில் பதிவானது ஏறத்தாழ 25.7 சதவீதம்தான், சட்டப்படி மூன்றில் ஒரு பங்கு தேவை என்பதால் பெட்டிகளைத் திறந்து எண்ணவே இல்லை. பாதிப் பேருக்கு மட்டும் போதும் என்ற பக்கம் நின்று, தோற்றால் விலகுவேன் என்று தாமாகவே பணயம் வைத்திருந்த ஓ (யாரும் கேட்காத பணயம் அது), இரண்டு நாளில் விலகினார். 2021 இடைத்தேர்தலில் வென்று அதே நாற்காலிக்குத் திரும்பிய அவர், 2022-இலும் வென்றார்.