ஹவா நகிலா வெறும் கல்யாணப் பாட்டு அல்ல

ஹவா நகிலா என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது, யூதக் கல்யாணங்களில் மணமக்களை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஆடும் காட்சிதான். அமெரிக்க யூதர்களிலேயே ஒரு சாராருக்கு இது கேட்டுக் கேட்டுச் சலித்துப் போன பாட்டு. ஊரெல்லாம் பாடிப் பாடி அதன் உயிரை எடுத்துவிட்டார்கள் என்பார்கள். எனக்கு அது நேர் எதிராகத்தான் படுகிறது. ஊரெல்லாம் பாடியதால்தான் இந்த மெட்டுக்கு இன்னும் உயிர் இருக்கிறது.

மெட்டு கிளம்பிய இடம் சதகோரா. இன்றைய உக்ரைனில் செர்னிவ்ட்சி நகரத்தின் ஒரு பகுதி. 19ஆம் நூற்றாண்டில் ஹசிதியம் என்ற யூத பக்தி இயக்கத்தின் குரு ஒருவரின் சபை அங்கே இருந்தது. சீடர்கள் சொற்களே இல்லாமல் வெறும் அசைகளில் பாடும் பக்தி மெட்டுக்கு நிகுன் என்று பெயர். அப்படி ஒரு நிகுன்தான் இது. ஆபிரகாம் இடெல்சோன் என்ற இசை ஆய்வாளர் அதைக் குறித்து வைத்து, 1918இல் ஜெருசலேமில் ஒரு கொண்டாட்டக் கச்சேரிக்காக எபிரேயச் சொற்களைச் சேர்த்தார். யூத மறைநூலில் உள்ள 118ஆம் சங்கீதத்தின் ஒரு வரிதான் ஆதாரம். சொற்கள் என்னுடையவை என்று அவருடைய மாணவர் மோஷே நாதன்சனும் சொன்னார். அந்தச் சர்ச்சை தீரவே இல்லை.

நம் காதுக்கும் இது அந்நியமாகப் படாது. முதல் வரியின் ஸ்வரங்கள் வகுளாபரணம் என்ற கர்நாடக ராகத்தில் அப்படியே அடங்கும். சுத்த ரிஷபத்திலிருந்து அந்தர காந்தாரத்துக்கு ஒரு தாவல் இருக்கிறதே, மாயாமாளவகௌளை ராகத்தில் ஆரம்பப் பாடமான சரளி வரிசை பாடியவர்கள் அதை உடனே பிடித்துவிடுவார்கள்.

அப்புறம் அது போன தூரத்தைப் பாருங்கள். 1959இல் நியூயார்க் கார்னகி ஹாலில் அதைப் பாடியவர் கரீபிய வேர்கொண்ட ஹாரி பெலஃபான்டே. 1963இல் மின்சார கிதாரில் புயல் வேகத்தில் வாசித்தவர் டிக் டேல். அவருடைய தந்தைவழி லெபனான். அரபு இசையைக் கேட்டு வளர்ந்தவர்.

ஆனால் என்னை உலுக்கியது அமெரிக்கக் கறுப்பினப் பாடகி லீனா ஹார்ன்தான். அதே 1963இல், கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்தபோது, இந்த மெட்டுக்கு பெட்டி காம்டனும் அடால்ஃப் கிரீனும் புதுச் சொற்கள் எழுதினார்கள். ஜெஃபர்சனும் வாஷிங்டனும் லிங்கனும் இன்று திரும்பி வந்தால் என்ன நினைப்பார்கள் என்று பாட்டு ஆரம்பிக்கிறது. போகப் போக வேகம் ஏறி, 'இப்போதே' என்ற ஒற்றைச் சொல்லை ஹார்ன் திரும்பத் திரும்ப அடித்துச் சொல்லும்போது, கல்யாண ஆட்டத்துக்கு ஏறும் அதே வேகம் கோபமாக மாறிவிடுகிறது. சில வானொலி நிலையங்கள் அதை ஒலிபரப்ப மறுத்தன. 1965இல் கியூபாவின் சாந்தியாகோ ஆல்வரெஸ் அந்தப் பதிவின் மேல், போலீஸ் அடக்குமுறைப் படங்களை அடுக்கி ஒரு குறும்படமே எடுத்தார்.

மெட்டை மாற்றாமல் அதற்குள் ஒரு போராட்டத்தையே வைக்க முடிந்திருக்கிறது. ஆறே நிமிடம் ஓடும் படம் அது. சத்தத்தைக் கூட்டி வைத்துப் பாருங்கள்.