தொப்பி பெரிதானால் பதவியும் பெரிதா?

வட கொரிய ராணுவத்தில் தொப்பியின் அகலம்தான் பதவியைக் காட்டும் என்று ஒரு படம் சுற்றுகிறது. தவறு. பதவியைச் சொல்வது தோள்பட்டையில் உள்ள நட்சத்திரங்களும் கோடுகளும்தான். தென் கொரியாவுடனான பன்முன்ஜோம் எல்லையில் சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டிய நடுத்தர அதிகாரிகளின் தொப்பியும் அகலமானதே.

இந்த வடிவம் சோவியத் ராணுவத்திடமிருந்து வந்தது. மேல்வட்டத்துக்குள் ஒரு வளையம் இருக்கும், துணியை விறைப்பாகப் பிடித்துக்கொள்ள. ரஷ்யாவில் அதிகாரிகள் சொந்தக் காசு கொடுத்தே தையல்காரரிடம் உயரமான தொப்பி தைத்துக்கொண்டதுண்டு. பதவி உயர்வுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, வெறும் மிடுக்குதான். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானிகளோ ஹெட்போன் மாட்ட வசதியாக அந்த வளையத்தையே உருவி எறிந்தார்கள்.

கதைகளில் வில்லன் தளபதிக்கு மட்டும் பெரிய தொப்பி மாட்டுவது ஓவியரின் உத்தி. அதை ராணுவ விதியாக எடுத்துக்கொண்டு படத்தைப் பகிராதீர்கள்.