ஜோடியைப் பிரிக்காதீங்க

வாசலில் காவலுக்கு வைக்கும் சீனச் சிங்கச் சிலைகளில் ஒன்றை மட்டும் வாங்கி டிவி ஷெல்ஃபில் வைத்தால் "ரிச் லுக்" வரும் என்று ஒரு வீட்டு அலங்காரக் கட்டுரையில் படித்தேன். அழகுக்கு என்றால் சரி, அவரவர் வீடு. ஆனால் சீனாவில் அதன் இடம் வாசல், அதுவும் ஜோடியாகத்தான். ஆண் சிங்கத்தின் காலடியில் பந்து, பெண்ணின் காலடியில் குட்டி. வீட்டுக்குள் நின்று வெளியே பார்த்தால் ஆண் இடப்பக்கம், பெண் வலப்பக்கம். முகம் தெருவைப் பார்க்க வேண்டும். காவலாளியை ஹாலைப் பார்த்து நிற்க வைத்தால் யாரைக் காவல் காப்பார்?

பெய்ஜிங் அரண்மனையில் தைஹே வாசலுக்கு முன்னால் இருக்கும் பெரிய வெண்கல ஜோடியும் இதே முறைதான். உள்ளே சியான்சிங் வாசலில் தங்கமுலாம் பூசிய ஜோடிக்குக் காது தொங்கியிருக்கும். அந்தப்புரத்துப் பெண்கள் அரசியல் பேச்சைக் காதில் வாங்கக் கூடாது என்பதற்காக என்று ஒரு கதை சொல்வார்கள். கதைதான், ஆனால் நல்ல கதை!

இத்தனைக்கும் சிங்கம் சீனக் காட்டு விலங்கே இல்லை. ஹான் அரச வம்சத்தின் காலத்தில் மேற்கிலிருந்து காணிக்கையாக வந்தது, பிறகு பௌத்தம் அதைக் காவல் வேலைக்கு அமர்த்தியது. நேரில் பார்க்காமலே செதுக்கியவர்கள்தான் அதிகம். அந்தச் சுருட்டை முடியும் நாய் மூஞ்சியும் வேறு எப்படி வந்திருக்கும்?

கல்லில் வாங்குபவர்கள் திறந்த வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். நல்ல வேலைப்பாட்டில் உள்ளே ஒரு கல் உருண்டை உருளும், வெளியே எடுக்க முடியாது. அதே கல்லில் குடைந்தது. ரெசின் பொம்மையில் இதை எதிர்பார்க்காதீர்கள். பில் போடும் முன் காலடியையும் பாருங்கள், இரண்டிலும் பந்தே இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள்.