முகப்பை மட்டும் நிறுத்தி வைத்தால் அது பழைய கார் ஷோரூம் ஆகாது

அந்தக் காலத்தில் கார் விற்பதற்கென்றே கட்டிய கட்டிடம் ஒன்று காலியானால் பெரும்பாலும் நடப்பது இதுதான். தெருவைப் பார்த்த முகப்பை முட்டுக் கொடுத்து நிறுத்துவார்கள். அதற்குப் பின்னால் உள்ள பட்டறை, கார் ஏறும் சரிவுப்பாதை, மேல்மாடிக் கிடங்கு எல்லாவற்றையும் இடித்து அடுக்குமாடி எழுப்புவார்கள். பிறகு "பாரம்பரியக் கட்டிடம் காக்கப்பட்டது" என்று ஒரு பலகை. இதைக் காப்பாற்றியது என்று ஒப்புக்கொள்ள என்னால் முடியாது.

இந்த வகைக் கட்டிடத்தின் தன்மையே இரண்டு கட்டிடங்கள் ஒன்றாக ஒட்டியிருப்பதுதான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார் என்பது எல்லோரும் நம்பி வாங்கும் பொருளாக இல்லை. வாங்க வருபவருக்கு நம்பிக்கை வர, முன்பக்கம் வங்கி போலவோ பெரிய விடுதி போலவோ கட்டினார்கள்: பளிங்கு, தூண்கள், உயர்ந்த கூரை, ஆளுயரத்தைத் தாண்டிய கண்ணாடி. பின்பக்கம் அப்பட்டமான தொழிற்சாலை. 1905இல் டெட்ராய்ட்டில் பேக்கார்ட் கார் நிறுவனத்துக்குக் கம்பி கட்டிய கான்கிரீட்டில் தொழிற்கூடம் வடிவமைத்த கட்டிடக் கலைஞர் ஆல்பர்ட் கான்தான், அடுத்த சில ஆண்டுகளில் பிலடெல்பியாவின் பிராட் தெருவில் அதே நிறுவனத்தின் விற்பனைக் கட்டிடத்தையும் வடிவமைத்தார். பட்டறையை இடித்தால் இந்தத் தொடர்பே அறுந்துவிடும்.

"அவ்வளவு பெரிய இடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்று கேட்பவர்களுக்கு லண்டன் பிக்காடில்லியில் பதில் இருக்கிறது. கட்டிடக் கலைஞர் வில்லியம் கர்டிஸ் கிரீன் 1921இல் வூல்ஸ்லி கார் நிறுவனத்துக்குக் கட்டிய ஷோரூம் அது. 1926இல் நிறுவனம் நொடித்தது. அடுத்த ஆண்டே அது பார்க்லேஸ் வங்கிக் கிளையானது. 2003 முதல் 'தி வூல்ஸ்லி' என்ற உணவகம். கார் விற்ற காலம் ஐந்தாறு ஆண்டுகள்தான், ஆனாலும் அந்தக் கூடம் நூறாண்டு தாண்டி நிற்கிறது. பிரஸ்ஸல்ஸில் 1930களில் எழுந்த சிட்ரோயன் கட்டிடத்தை அரசே 2015இல் வாங்கியது, கலை அருங்காட்சியகமாக மாற்றுவதற்கு. அங்கே கண்ணாடிக் கூடத்தோடு பின்னால் இருக்கும் பரந்த பட்டறையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். எல்லோரும் கை வைக்க ஆசைப்படுவது முகப்பில். தொடங்க வேண்டியது தரைக்கு அடியில்.

இப்படிப்பட்ட கட்டிடங்களில் பெட்ரோல் தொட்டி, கழிவு எண்ணெய்த் தொட்டி, ஹைட்ராலிக் லிஃப்ட்டின் உருளை, எண்ணெய் பிரிக்கும் குழி என்று மண்ணுக்குள் ஏதாவது புதைந்தே இருக்கும். அமெரிக்காவில் என்றால் முதலில் தேட வேண்டியது சான்போர்ன் தீக்காப்பீட்டு வரைபடங்கள். பெட்ரோல் தொட்டி எங்கே, தரை எதனால் ஆனது, எத்தனை கார் நிற்கும் என்றெல்லாம் அவற்றில் குறித்திருப்பார்கள். காலியாகக் கிடக்கும் தொட்டிதான் நிறைந்த தொட்டியைவிட ஆபத்து, ஏனென்றால் உள்ளே இருப்பது ஆவி. அதை நைட்ரஜன் அல்லது உலர்பனிக்கட்டி கொண்டு செயலிழக்கச் செய்து, ஆவி மிச்சமில்லை என்று மீட்டரில் அளந்து பார்த்த பிறகே வெட்ட வேண்டும். உரிமம் பெற்றவர்களைத் தவிர யாரும் தொடக்கூடாது. பழைய ஹைட்ராலிக் எண்ணெயில் பிசிபி என்ற நச்சு கலந்திருக்கலாம், மாதிரி எடுத்துச் சோதிக்காமல் அப்புறப்படுத்தாதீர்கள். மண்ணில் ஊறிய பெட்ரோல், தரை வெடிப்பு வழியாக பென்சீன் என்ற நச்சு ஆவியாக உள்ளே ஏறும். அதனால் புதுத் தரை போட நேர்ந்தால், அடியில் ஆவித்தடுப்பு விரிப்பும், காற்றை உறிஞ்சிக் கூரைக்கு மேலே விடும் குழாயும் அப்போதே வைத்துவிட வேண்டும். பிறகு செய்வதென்றால் போட்ட தரையை உடைக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது தண்ணீர். தட்டையான கூரை, அதைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர், கட்டிடத்துக்கு உள்ளேயே இறங்கும் மழைநீர்க் குழாய் என்பதுதான் இவற்றின் அமைப்பு. ஒரே ஒரு வாய் அடைத்தால் போதும், கூரை குளமாகும். கைப்பிடிச் சுவரின் மேல்கல் இடுக்கில் இறங்கும் நீர், சன்னல் மேல் உள்ள இரும்பு விட்டத்தைத் துருப்பிடிக்க வைக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதனால் மேலே உள்ள செங்கல் வரிசை நெம்பி எழும்பும். சன்னல் மூலையில் படிக்கட்டு போல ஏறும் வெடிப்பைப் பார்த்துவிட்டு "அடித்தளம் இறங்கிவிட்டது, இடிக்க வேண்டியதுதான்" என்று தீர்ப்பு எழுதும் அறிக்கைகள் உண்டு. பல இடங்களில் அது அந்த ஒற்றை விட்டத்தின் வேலை. வெடிப்பைப் பூசி மறைக்காமல், மேலே செங்கலுக்கு முட்டுக் கொடுத்து, விட்டத்தைத் திறந்து பாருங்கள்.

பட்டறைக்கு மேல் வில் வடிவ மர ட்ரஸ் (கூரையைத் தாங்கும் சட்டகம்) இருந்தால் அது பெருஞ்சொத்து, கூடவே பெரும் பொறுப்பு. நடுவில் தூணே இல்லாமல் கார்கள் திரும்ப இடம் விட்டது அதுதான். ஆனால் அந்தக் காலக் கணக்கில் மரத்தின் இழுவிசைத் தாங்குதிறனை இன்று ஏற்பதைவிட அதிகமாக எடுத்துக்கொண்டார்கள். ஆகவே முதலில் சோதிக்க வேண்டியது வளைந்த மேல் உறுப்பை அல்ல, கீழ் உறுப்பின் இணைப்புகளையும், சுவருக்குள் புகும் முனைகளையும். ஈரத்தில் மக்குவது அந்த முனைகள்தான். கூர்மையான துளைக்கருவியால் குத்திப் பாருங்கள், வெண்ணெய் போல இறங்கினால் போயிற்று. குளிர்சாதனக் குழாய்களையும் பொய்க்கூரையையும் கீழ் உறுப்பில் தொங்கவிடுவது பெருந்தவறு.

கான்கிரீட்டுக்கு நிதானம் வேண்டும். சுத்தியலால் தட்டிக்கொண்டே போய், பொள்ளல் ஓசை வரும் இடங்களைச் சாக்கட்டியால் வட்டமிடுங்கள். புதிதாக உடைத்த பரப்பில், காரத்தன்மையை நிறத்தால் காட்டும் பினால்ஃப்தலீன் கரைசலைத் தெளித்தால், நல்ல கான்கிரீட் இளஞ்சிவப்பாகும். காரத்தன்மை இழந்தது நிறம் மாறாது, அங்கே கம்பிக்குப் பாதுகாப்பு இல்லை. பனிப்பொழிவு உள்ள ஊர்களில் இன்னொரு எதிரி உண்டு: சாலையில் தூவிய உப்பு. ஒவ்வொரு காரும் அடிப்பாகத்தில் உப்பு நீரைச் சுமந்துவந்து தளத்தில் சொட்டியிருக்கிறது. அது இருக்கிறதா என்பதை வெவ்வேறு ஆழத்தில் துளையிட்டு எடுத்த தூளைச் சோதித்துத்தான் அறிய முடியும். இன்னொன்று, ஆல்பர்ட் கானின் தம்பி ஜூலியஸ் கான் விற்ற கம்பிகள் இன்றைய உருண்டைக் கம்பிகள் அல்ல. இருபுறமும் இறக்கை வைத்து, அந்த இறக்கைகளை மேல்நோக்கி வளைத்திருப்பார்கள். தெரியாமல் வெட்டினால் விட்டத்தின் பலத்தையே வெட்டியதாகும்.

பழுதான கான்கிரீட்டை வெட்டி எடுத்துப் புதுக்கலவையால் ஒட்டுப் போடும் முறையில்தான் அதிகத் தவறு. ஓரங்களை விளிம்பில் மெலிந்து போகும்படி விடாமல், இயந்திரத்தால் 10 முதல் 12 மி.மீ. ஆழத்துக்குச் செங்குத்தாக அறுக்க வேண்டும். கம்பிக்குப் பின்னாலும் சுமார் 20 மி.மீ. குடைய வேண்டும், புதுக்கலவை கம்பியைச் சுற்றிப் பிடிப்பதற்காக. துரு இல்லாத கம்பி தெரியும்வரை நீளவாக்கில் போய்க்கொண்டே இருக்க வேண்டும். இத்தனையும் செய்தும் இரண்டு மூன்று ஆண்டில் ஒட்டின் ஓரத்திலேயே புது வெடிப்பு வரக் காரணம், உப்பேறிய பழைய கான்கிரீட்டுக்கும் புதியதற்கும் இடையே உருவாகும் மின்வேதி வேறுபாடு. துரு ஒட்டைவிட்டு அதன் ஓரத்துக்கு இடம் மாறுகிறது. ஒட்டின் விளிம்பில் கம்பியோடு துத்தநாகக் கட்டிகளைக் கட்டி வைத்தால், கம்பிக்குப் பதிலாக அவை கரையும். ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் யாரும் வைக்க மாட்டார்கள்.

இரும்புச் சன்னல்களைத் தூக்கி எறிவதுதான் எனக்கு மிகவும் வலிக்கும் விஷயம். பட்டறைக்கு வெளிச்சம் தந்தவை அவை. "மூடவே வரவில்லை" என்பார்கள். மூட விடாமல் தடுப்பது பெரும்பாலும் ஏழெட்டுப் பூச்சு பெயின்ட்டும் மேல்துருவும்தான். ஒவ்வொரு சட்டத்துக்கும் எண் அடித்துக் கழற்றுங்கள். கல்லாகிப்போன புட்டியை உளியால் கொத்தினால் கண்ணாடி போய்விடும், நீராவியோ அகச்சிவப்பு வெப்பமோ கொடுத்து இளக்குங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும், ஆகவே தீச்சுடர் வேண்டாம். அடிச்சட்டம் மட்டும் அரித்துப் போயிருந்தால் அதை மட்டும் வெட்டி அதே வடிவ இரும்பைப் பற்றவைக்கலாம். துரு நீக்கிய அன்றே துத்தநாக ப்ரைமர் அடிக்க வேண்டும், இரவு தாண்டினால் மறுபடி துரு பூக்கும். இரும்புச் சன்னலுக்கென்றே உள்ள புட்டியைப் போடுங்கள். மரச்சன்னல் புட்டியில் உள்ள எண்ணெயை மரம் உறிஞ்சும், இரும்பு உறிஞ்சாது, எனவே சரியாக இறுகாது. கடைசிப் பூச்சு கண்ணாடி மீதும் 2 மி.மீ. ஏற வேண்டும், அந்தக் கோடுதான் நீரைத் தடுக்கும். குளிர், சத்தம் பிரச்சினை என்றால் உள்பக்கம் இரண்டாவது கண்ணாடிச் சட்டம் வைக்கலாம்.

செங்கலை மணல் பீச்சிச் சுத்தம் செய்யாதீர்கள். சூளையில் இறுகிய மேல்தோல் ஒருமுறை போனால் திரும்பாது. சுண்ணாம்புக் கலவையில் கட்டிய சுவருக்கு வெறும் சிமென்ட்டால் இடுக்கை நிரப்பும் பாயிண்டிங்கும் அப்படித்தான்: கலவை கல்லைவிடக் கடினமானால் உடைவது கல். இடுக்கின் அகலத்தைப்போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு ஆழம் சுரண்டி, 6 மி.மீ. அடுக்குகளாக நிரப்ப வேண்டும். டெரகோட்டா (சுட்ட களிமண்) முகப்பில் இடுக்குகளை சிலிகான் கொண்டு அடைப்பது இன்னும் மோசம். உள்ளே போன நீர் வெளியேற வழியில்லாமல் பிடிப்புக் கம்பிகளைத் தின்னும், பிறகு துண்டு துண்டாகத் தெருவில் விழும்.

பட்டறைத் தரைக்கு ஒரு சொட்டு நீர்ச் சோதனை போதும். நீர் முத்தாக நின்றால் எண்ணெய் ஊறியிருக்கிறது. எத்தனை முறை கழுவினாலும் ஆழத்திலிருந்து அது மேலே வரும், அதன் மேல் பூசிய எபாக்ஸி என்ற பிசின் பூச்சு தோல் உரிவதுபோல் உரியும். என் கருத்து: மெருகேற்றி அப்படியே விடுங்கள். அந்தக் கறை அங்கே நடந்த வேலையின் அடையாளம். முன்கூடத்து மொசைக் தரையில் மட்டும் அமிலம் படக்கூடாது, பளிங்குச் சில்லுகளை அது அரித்துவிடும்.

புது உபயோகம் எதுவானாலும் முன்கூடத்தை அறைகளாகத் தடுக்காதீர்கள். கார் லிஃப்ட் ஓடிய கூண்டு புதிய படிக்கட்டுக்கும் மின்தூக்கிக்கும் ஆயத்தமாகக் கிடைக்கும் இடம், அதற்காகத் தளத்தை வேறெங்கும் அறுக்கத் தேவையில்லை. கூரைச் சாளரங்களைத் தகரம் போட்டு மூடியிருந்தால் முதலில் திறக்க வேண்டியவை அவை, ஆழமான தளத்தின் நடுப்பகுதிக்கு வேறு வெளிச்சம் கிடையாது.

இவ்வளவும் கட்டிடம் நின்றால்தான். நியூயார்க் பார்க் அவென்யூவில் கட்டிடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் 1950களில் வடிவமைத்த கார் ஷோரூம், வளைந்தேறும் சரிவுப்பாதையோடு இருந்தது. பாதுகாப்புப் பட்டியலில் அந்த உட்பகுதி இல்லை. 2013 மார்ச்சில் அதைச் சேர்ப்பது பற்றி நகரின் பாதுகாப்பு ஆணையம் உரிமையாளர் தரப்பைத் தொடர்புகொண்டது. சில நாட்களுக்குள் இடிப்பதற்கான அனுமதி வாங்கப்பட்டு, ஷோரூம் அகற்றப்பட்டது. ஆகவே ஒரு கட்டிடத்தைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்க மனு எழுதுபவர்களுக்கு: "முகப்பு" என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாதீர்கள். முன்கூடம், அதன் கூரை, தரை, சரிவுப்பாதை, லிஃப்ட் கூண்டு, பட்டறையின் ட்ரஸ், சன்னல்கள் என்று ஒவ்வொன்றையும் அளவோடும் படத்தோடும் பெயர் சொல்லி எழுதுங்கள். அதை ஆணையத்திடமிருந்து உரிமையாளருக்குக் கடிதம் போவதற்கு முன்பே தாக்கல் செய்யுங்கள்.