விற்றால் ரசிகை இல்லையாம்

தங்கள் டிக்கெட்டை மற்றவர்களுக்கு விற்கிறவர்களை மிரட்டி எங்கள் ஐஸ் ஹொக்கி அணி அனுப்பிய அந்த மின்னஞ்சலைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். வெள்ளிக்கிழமை இரவு நம்முடைய ஹொக்கி வாட்ஸ்அப் குழுவில் நடந்ததைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. அணி நிர்வாகம் அனுப்பியதைக் கூட விடலாம், அது அவர்களுடைய வியாபாரம். அதை வாசித்துவிட்டு நம்மவர்களே கைதட்டினீர்களே, அதுதான் தாங்கவில்லை. "டிக்கெட்டை விக்கிறவை ரசிகரே இல்லை. அவையின்ர சீட்டைப் பறிச்சு உண்மையான ரசிகருக்குக் குடுக்கட்டும்." எழுதிய தம்பி யார் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு இதயம் போட்டவர்களில் என்னிடம் டிக்கெட் வாங்கிப் போய் ஆட்டம் பார்த்தவர்களும் இருக்கிறீர்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். சீசன் டிக்கெட்டில், அதாவது ஒரு சீசனில் சொந்த அரங்கில் நடக்கும் ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் மொத்தமாக முன்கூட்டியே வாங்கும் டிக்கெட்டில், நட்டம் வந்தால் அது வாங்குகிறவர் தலையில்தான் விழும். அணிக்குக் காசு முதலிலேயே போய்ச் சேர்ந்துவிடுகிறது.

புதுப்பிக்கச் சொல்லி எப்போது கேட்கிறார்கள்? இந்த சீசனே முடியாத நேரத்தில். சீசன் முடிவில் கிண்ணத்துக்காக நடக்கும் பிளேஓஃபுக்கு அணி போகுமா என்று தெரியாது. கோடையில் எந்த வீரர் போவார், யார் வருவார் என்று தெரியாது. அடுத்த சீசன் அட்டவணை வழக்கமாக ஜூன் கடைசியிலோ ஜூலையிலோதான் வெளிவரும். எந்தக் கிழமை, எந்த அணியோடு ஆட்டம் என்றே தெரியாமல் நாங்கள் காசு கட்டச் சம்மதிக்கிறோம். வட அமெரிக்காவின் பெரிய ஹொக்கி லீக்கான என்எச்எல்லில் 2025-26 வரை ஓர் அணிக்கு 82 ஆட்டங்கள், அதில் 41 சொந்த அரங்கில். 2026-27 இலிருந்து 84 ஆகிறது, அதாவது இன்னும் ஓர் இரவுக்கு நாங்கள் காசு கட்ட வேண்டும். இது போதாதென்று சீசனுக்கு முந்திய பயிற்சி ஆட்டங்களான பிரீசீசன் ஆட்டங்களும் எங்கள் தலையில் கட்டப்படுகின்றன. பெரிய வீரர்கள் பலர் அந்த ஆட்டங்களில் இறங்குவதே இல்லை. கீழ்மட்ட மைனர் லீக்குக்குத் திரும்பிப் போகப்போகிற இளம் பையன்கள்தான் விளையாடுவார்கள். அதற்கும் எங்களிடம் முழு விலை. அது வேண்டாம், மற்றதைத் தாருங்கள் என்று சொல்ல வழியில்லை.

வேலைக்குப் போகிற, பிள்ளை வளர்க்கிற எந்த மனிசராலாவது அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை அத்தனை இரவும் ஏழு மணிக்கு அரங்கில் போய் இருக்க முடியுமா? முடியாதென்று அணிக்கும் தெரியும். தெரிந்துதான் தங்கள் ஆப்பிலேயே விற்பதற்கென்று ஒரு பொத்தானை வைத்திருக்கிறார்கள். நான் அதை அழுத்தினால் என்னிடமும் கட்டணம், வாங்குகிறவரிடமும் கட்டணம். ஒரே இருக்கையில் இரண்டாவது தடவை காசு பார்த்துவிட்டு, விற்றாய் என்று எனக்கே கடிதம் எழுதுகிறார்கள். இதில் எந்த இடத்தில் நியாயம் இருக்கிறதென்று கைதட்டியவர்கள் எனக்குச் சொல்லுங்கள்.

"அப்ப புரோக்கர்மாரை விடச் சொல்லுறியளோ அக்கா?" என்று கேட்பீர்கள். டிக்கெட்டை மொத்தமாக வாங்கி விலை கூட்டி விற்கிற அவர்களை விடச் சொல்லவில்லை, பிடியுங்கள். டிக்கெட்டுகளை மென்பொருள் போட்டு அள்ளுவதற்கு எதிராக அமெரிக்காவில் 2016 இலேயே சட்டம் வந்தது. ஒன்ராறியோவில் 2017 இல் வந்த டிக்கெட் விற்பனைச் சட்டத்தில், டிக்கெட்டில் போட்டிருக்கும் விலைக்கு மேல் 50 வீதத்தைத் தாண்டி மறுவிற்பனை செய்யக்கூடாது என்று ஒரு பிரிவே இருந்தது. அடுத்து வந்த அரசு அதை நடைமுறைக்கு விடாமல் நிறுத்தி வைத்து, 2019 இல் எடுத்தே விட்டது. புரோக்கர்மேல் கோபம் என்றால் அன்றைக்கு வந்திருக்க வேண்டும். இப்போது டிக்கெட் எல்லாம் தொலைபேசிக்குள். யாரிடம் எத்தனை இருக்கை, எது யாருக்குப் போனது, எத்தனைக்கு விற்றது, எல்லாம் அவர்களுடைய கணினியில் இருக்கிறது. ஐம்பது இருக்கையை வைத்துக்கொண்டு ஓர் ஆட்டத்துக்கும் முகம் காட்டாதவரைக் கண்டுபிடிப்பது பெரிய வேலையா? இரண்டு இருக்கை வைத்திருக்கும் குடும்பத்தையும் அவரையும் ஏன் ஒரே கடிதத்தால் மிரட்ட வேண்டும்?

எங்களுடைய அந்த இரண்டு இருக்கையும் நான்கு குடும்பங்களுக்குச் சொந்தம். கணக்கு என் பெயரில், காசு நாலு பங்கு. அட்டவணை வந்தபிறகு ஒரு சனிக்கிழமை பின்னேரம் எல்லோரும் எங்கள் வீட்டில் கூடுவோம். பெயர் எழுதிச் சீட்டுக் குலுக்கி யார் முதல் என்று முடிவு செய்வோம். ஒன்று, இரண்டு, மூன்று என்று போய், நாலாமவர் இரண்டு ஆட்டம் எடுக்க, வந்த வழியே திரும்பும். சனிக்கிழமைகளும் பரம எதிரிகளோடு மோதும் ஆட்டங்களும் முதல் சுற்றுகளிலேயே போய்விடும். தனக்குப் பிடித்த கோல்காப்பாளர் வருகிற நாளை மாமி எடுத்துவிட்டா என்று என் சின்னவள் ஒருமுறை அழுத அழுகையில், மாமி அந்த நாளையே விட்டுக்கொடுத்தா. அவவின் மகன் இன்றைக்கும் அதைச் சொல்லிக் குறைப்படுவான். அந்தப் பின்னேரம் எங்களுக்குத் திருவிழா மாதிரி.

கடைசியில் யாரும் தொடாமல் சில ஆட்டங்கள் மிஞ்சும். ஜனவரித் திங்கள் இரவு, எங்கோ மூலையிலிருந்து வரும் அணி, அடுத்த நாள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், இவருக்கு விடிய ஐந்து மணி வேலை. அவற்றைத்தான் நான் விற்பனைக்குப் போடுகிறேன். அதிலாவது லாபம் உண்டா? அதே இரவுக்கு விற்காமல் கிடக்கும் இருக்கைகளை அணி எங்களுக்குத் தந்த விலையிலும் குறைத்துத் தள்ளிவிடும். பிறகு என் டிக்கெட்டை யார் முழு விலைக்கு வாங்குவார்? இன்னொன்றும் இருக்கிறது. மற்ற மூன்று குடும்பங்களுக்கும் அவர்கள் பங்கு ஆட்டங்களை என் கணக்கிலிருந்துதான் அனுப்ப வேண்டும். அதுவும் கைமாறியதாகவே பதிவாகிறது. காகிதப் புத்தகமாக டிக்கெட் வந்த காலத்தில் கிழித்துக் கொடுத்தால் சரி, யாரும் கேள்வி கேட்கவில்லை. இன்றைய அவர்கள் கணக்குப்படி நானும் புரோக்கர்தான்.

"கட்டுப்படியாகாட்டி விடுங்கோ, வரிசையில ஆயிரம் பேர் நிக்கினம்" என்று இன்னொருவர். வரிசையை நம்புகிற அணிகள் கனடாவின் வின்னிபெக் நகரத்தைப் பார்க்க வேண்டும். 1996 இல் அங்கிருந்த ஜெட்ஸ் அணியை அமெரிக்காவின் பீனிக்ஸுக்குக் கொண்டுபோனார்கள். 2011 இல் அட்லாண்டா அணி அங்கே வந்தபோது, 13,000 சீசன் டிக்கெட் இலக்கில் பொதுமக்களுக்கென்று விட்ட மிச்சம் 17 நிமிடத்தில் முடிந்தது. மூன்று முதல் ஐந்து வருடம் வரை விலகமாட்டோம் என்று ஒப்பந்தம் போட்டு வாங்கினது சனம். காத்திருப்போர் பட்டியல் வேறு இருந்தது. 2024 தொடக்கத்தில் அந்த 13,000 ஏறத்தாழ 9,500 ஆகிவிட்டது. பட்டியலையும் காணோம். நீண்ட காலத்துக்கு இப்படி ஓட முடியாது என்று உரிமையாளர் தரப்பே வெளிப்படையாகச் சொல்ல வேண்டி வந்தது. விட்டுப் போனவர்கள் எல்லோரும் ரசிகர் இல்லையா? கொரோனாவும் விலைவாசியும் வந்தபோது முதலில் கைவிட வேண்டியிருந்தவர்கள் நாங்கள் மாதிரிக் குடும்பங்கள்தான்.

சியாட்டிலில் 2018 மார்ச் 1 அன்று சீசன் டிக்கெட்டுக்கு 12 நிமிடத்தில் 10,000 முற்பணங்கள் வந்து விழுந்தன. அப்போது அந்த நகரத்துக்கு அணி தருவதென்று லீக் முடிவே செய்யவில்லை. பெயர் இல்லை, ஒரு வீரர் இல்லை. முதல் ஆட்டம் நடந்தது 2021 அக்டோபரில். அணி கேட்டு லீக்கிடம் சியாட்டில் போட்ட விண்ணப்பத்துக்கு அந்த முற்பணப் பட்டியல் பெரிய பலமாக இருந்தது. இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு முதலில் காசு வைக்கிறவர்களிடம் போய் விசுவாசம் பற்றிக் கதைப்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

அணிக்கும் செலவு இருக்கிறதுதான். கனடிய அணிகள் டிக்கெட் விற்பது கனடிய டொலரில், வீரர் சம்பளம் கொடுப்பது அமெரிக்க டொலரில். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வீரர்களின் சம்பளம் வழமையான சீசனோடு முடிந்துவிடும், பிளேஓஃப் ஆட்டங்களுக்கு அணி தனியாகச் சம்பளம் கட்டுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். டிக்கெட் விலை உச்சத்துக்கு ஏறுவது அந்த வாரங்களில்தான்.

எனக்கு உண்மையில் வலித்தது விலையைப் பற்றிய கதை இல்லை, 'உண்மையான ரசிகர்' என்ற கதை. நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பனியைக் கண்டால் வெளியே போகமாட்டேன். ஹொக்கி என்றால் ஆம்பிளைகள் அடிபடுகிற விளையாட்டு என்று நினைத்தேன். ஐசிங் என்றால் என்ன, ஓஃப்சைட்டில் ஏன் விசில் ஊதுகிறார்கள் என்று எனக்குச் சொல்லித்தந்தவர் பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர். என் இங்கிலீஷ் அப்போது அரைகுறை. ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. சின்னவள் பிறந்தபோது அவளுக்கு ஒரு சின்னக் கம்பளித் தொப்பி பின்னிக்கொண்டு வந்தா அவருடைய மனுசி. பென்ஷன் காசில் வாழ்ந்த மனிதர். இரண்டு சீசன் அடுத்தடுத்து விலை ஏற, அவர் தன் இருக்கைகளை விட்டுவிட்டார். அணி அவருக்கு ஒரு தொலைபேசி அழைப்புக்கூட எடுக்கவில்லை. அவர் இருந்த இடத்தில் இப்போது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வேறு வேறு ஆட்கள், கழுத்தில் கம்பனி அட்டையோடு. ஓர் ஆட்டத்தில் மூன்று பீரியட், பாதிப்பேர் இரண்டாவதோடு எழும்பிப் போய்விடுவார்கள். அந்தக் கம்பனிக்கு இந்தக் கடிதம் போயிருக்குமா தம்பி? அவர்களிடமிருந்து இருக்கையைப் பறிக்கச் சொல்லி ஏன் ஒருவரும் எழுதவில்லை?

தோற்றுத் தோற்று, கடைசி இடத்தில் கிடந்த சீசனிலும் நாங்கள் அந்த மேல்தட்டில்தான் இருந்தோம். அரங்கு பாதி காலி. என் பிள்ளைகள் தொண்டை அடைக்கக் கத்தினார்கள். அப்போது யாரும் எங்களிடம் ரசிகர் சான்றிதழ் கேட்கவில்லை. அணி வெல்லத் தொடங்கியதும் கேட்கிறீர்கள்.

கடிதத்துக்கு நாலு குடும்பமும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறோம். பங்குக்காரர் பெயர்களைக் கணக்கில் சேர்க்க ஒரு வழி செய்யச் சொல்லியும், பிரீசீசனை விரும்பியவர் மட்டும் எடுக்க விடச் சொல்லியும் கேட்டிருக்கிறோம். பதில் வந்தால் அப்படியே இங்கே போடுவேன்.

இந்த மாதக் கடைசியில் இரண்டு வார நாள் ஆட்டங்கள் என்னிடம் இருக்கின்றன, எங்கள் நாலு வீட்டிலும் யாருக்கும் போக வசதியில்லை. ஆப்பில் போடவில்லை. பிள்ளைகளை இதுவரை அரங்குக்குக் கூட்டிப்போகாதவர்கள் இருந்தால் உள்பெட்டியில் கேளுங்கள், காசு வேண்டாம். மேல்தட்டு, கோலுக்குப் பின்பக்கம். வோர்ம்அப் பார்க்க ஆறரைக்கே போய்விடுங்கள்.