சனிக்கிழமை ஆண்ட்டி

சனிக்கிழமை இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த் மண்டபத்தில் இருந்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். வராதவர்களுக்கு வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். ஆம்பளை ஒருவர் ஆண்ட்டி வேஷம் கட்டிய சிரிப்பு நாடகம்: தலையில் விக், பூப்போட்ட சேலை, உள்ளே இரண்டு பலூன், கையில் ரொட்டிக் கட்டை. இருபது நிமிடம். ஒரு பலூன் வெடித்ததும் மண்டபமே அதிர்ந்தது. அதற்கு அரை மணி நேரம் முன்னால் அதே மேடையில் தில்லையாடி வள்ளியம்மை படத்துக்கு மாலை போட்டார்கள். சிறைக்குப் போய், நோயோடு வெளியே வந்து, 1914-இல் 16 வயதில் செத்துப்போன பெண். மாலை வாடுவதற்குள் பலூன்.

அதைப் பற்றி நான் கேட்டது ஒரே கேள்வி. அந்த ஆண்ட்டிக்கு என்னதான் வேண்டும்? சிரிப்பு நாடகத்தில் ஆம்பளை வந்தால் அவனுக்குக் கடன் தீர வேண்டும், லாட்டரி விழ வேண்டும், மச்சானுக்குத் தெரியாமல் ஒரு பெக் போட வேண்டும். பொம்பளை வந்தால் கத்த வேண்டும், அவ்வளவுதான். தனக்கென்று ஒன்றுமே வேண்டாத ஆளை வைத்து எப்படி ஐயா சிரிப்பு எழுதுவது?

உடனே பதிலாக வந்தது பாரம்பரியம். ‘கூத்துல ஆம்பளைதானே சேலை கட்டினான்!’ கட்டினான். 1860 முதல் 1911 வரை கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்கள் தெருக்கூத்தையும் கொண்டுவந்தார்கள், நாம்தான் அதற்கு ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்று பேர் வைத்தோம். அதில் ஆம்பளை திரௌபதியாக வந்து நின்றால் என் ஆயா கும்பிடுவாள். துகில் உரியும்போது முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுவாள். மழித்த மீசையின் தடம் தெரிந்தும் அழுதாள், ஏனென்றால் அந்தத் திரௌபதிக்கு ஒரு சபதம் இருந்தது. உங்கள் ஆண்ட்டிக்கு என்ன இருந்தது? பலூன்.

‘கோயில் கூரைக்குப் பணம் சேர்க்கத்தானே.’ சேர்ந்தது. சந்தோஷம்.

‘நீயும் ஆம்பளைதானே, உனக்கென்ன தெரியும்?’ இதுதான் கொஞ்சம் குத்தியது. உண்மைதான், தெரியாது. என் முதல் நாடகத்தில் ஒரு அம்மா வருவாள், வந்த நேரமெல்லாம் திட்டுவாள். ஒத்திகையில் அந்த வேஷம் போட்ட அக்கா கேட்டார்: ‘தம்பி, இவ எல்லாருக்கும் சோறு போடுறா. இவ எங்க உக்காந்து சாப்பிடுறா?’ என்னிடம் பதில் இல்லை. என் அம்மா டர்பன் துணி ஆலையில் மெஷின் ஓட்டியவள். அவளும் கூட வேலை செய்தவர்களும் எங்கள் சமையலறையில் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள், நான் தண்ணீர் குடிக்க நுழைந்தால் சட்டென்று நிறுத்திவிடுவார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அதனால் கவனிக்க ஆரம்பித்தேன். அம்மா உட்காருவதே இல்லை, அடுப்போரம் நின்றுதான் சாப்பிடுவாள். ஆனால் நண்டுக் கறியில் பெரிய கால் இரண்டை எங்களுக்குப் பரிமாறும் முன்பே எடுத்து ஒளித்து வைத்துவிடுவாள்! அதை அப்படியே மேடையில் வைத்தேன். முதலில் பெண்கள் பக்கம் வெடித்தது, ஆண்கள் கொஞ்சம் தாமதமாகச் சேர்ந்துகொண்டார்கள். ஒரு வசனம்கூட எழுதவில்லை.

அந்த நண்டுக்கால் காட்சியைத்தான் இந்த வருடம் ‘நேரமில்லை’ என்று நிகழ்ச்சியிலிருந்து எடுத்தார்கள். பலூனுக்கு இருபது நிமிடம் இருந்தது. தேர்வுக் குழுவில் ஏழு பேர், ஏழும் மீசை. ‘பொறாமையில எழுதுற’ என்பீர்கள். அது வேறு விஷயம். சரி, வேறு விஷயமில்லை, பொறாமையும் இருக்கிறது. அதற்காக அந்த ஆண்ட்டிக்கு ஏதாவது வேண்டும் என்று ஆகிவிடுமா? ‘சேலைக் காவலர்’ என்று எனக்குப் பட்டம் கொடுத்த தம்பிக்கும் நன்றி, அவன் எழுதியதிலேயே அதுதான் நல்ல ஜோக்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் யாராவது சொல்வீர்கள். என் அம்மாவும் சிரித்தாள். மூன்றாவது வரிசை, பலூன் வெடித்தபோது, கண்ணில் நீர் வர. திரும்பும்போது காரில் கேட்டேன், ‘அதுல என்னம்மா சிரிப்பு?’

‘எல்லாரும் சிரிச்சாங்கப்பா’ என்றாள். அப்புறம், ‘இடைவேளையில சமோசா வாங்கித் தரேன்னியே, எங்க?’